செத்தவர் பேரில் ஒரு நாற்காலி

"குழம்பு எங்கேயும் ஓடிடாது. முதல்ல இதை முடி" என்று மாமியார் லோவான் மடிக்கணினியை அடுப்புக்குப் பக்கத்திலேயே தள்ளிவைத்தாள்.

தேங்காய்த் தண்ணீரில் பன்றிக்கறியும் முட்டையும் கொதித்துக்கொண்டிருந்தன. ஹோவாங்குக்கு உயிரான குழம்பு. இன்று அவனுடைய நினைவு நாள். படையலுக்காக விடியும் முன்பே அடுப்பை ஏற்றியிருந்தாள் அவன் மனைவி ஹூவே. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

'வணக்கம், ஹோவாங்! உங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது' என்றது மாநில அழகுக்கலை வாரியம்.

நகம் வெட்டிப் பூச்சு பூசுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பித்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் பாடம் படித்துத் தேற வேண்டும். ஹோவாங் நான்கு வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊருக்குப் போனவன். வியட்நாமில், சொக் ட்ராங்கில் மாரடைப்பு வந்து, வாய்க்கால் கரையில் அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டான். கடல் தாண்டி நடந்த சாவு. வாரியத்துக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா லோவான் சொல்ல விடவில்லை.

காரணம், பாவ். அவளுடைய இளைய மகன். லைசென்ஸ் பரீட்சை எழுதி எழுதித் தோற்றவன். அண்ணன் போனதும் அம்மாவின் நகப்பூச்சுக் கடையில் அண்ணனின் நாற்காலியில், சுவரில் தொங்கிய அண்ணனின் லைசென்ஸுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டான். அதில் போட்டோ இருக்கிறதே என்று ஹூவே அப்போதே கேட்டாள். "வெள்ளைக்காரங்களுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒரே மூஞ்சிதான்" என்று மாமியார் முடித்துவிட்டாள்.

ஹூவே பாடங்களைப் போன வாரமே முடித்திருந்தாள். 'தொழில் நேர்மை' என்ற பாடத்தில் முழு மதிப்பெண். கணவன் பெயரில்.

கடைசிப் பக்கம் வந்தது. 'மேலே சொன்னவை யாவும் உண்மை என ஹோவாங் ஆகிய நான் உறுதி கூறுகிறேன்.' அழுத்தினாள். செத்தவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைத்தது.

"அத்தை..." குரலைத் தயார் செய்துகொண்டு கேட்டாள். "என்னோடது? வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதுக்கப்புறம் முதல்லேருந்து ஸ்கூலுக்குப் போகச் சொல்லுவாங்க. முதலாளி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"பின்கட்டுல டவல் துவைக்க எதுக்குடி லைசென்ஸ்?"

"பின்கட்டுல மட்டுமா இருக்கேன்? சனிக்கிழமை கூட்டத்துல பாதிப் பேர் காலு என் மடியிலதானே கெடக்கு?"

"போணி முடிஞ்ச பின்னாடிதானே வெளிய வர்றே? அதைச் சொல்றேன்."

போணி. அந்த ஒரு சொல்லில்தான் ஹூவேயின் லைசென்ஸ் செத்தது. காலையில் கடைக்குள் வரும் முதல் ஆளை யார் தொடுகிறார்களோ, அன்றைய வியாபாரம் அந்தக் கைப்படிதான் என்பது அந்தத் தெருவின் வியட்நாமியக் கடைகள் எல்லாவற்றிலும் உள்ள நம்பிக்கை. புருஷனைத் தின்ற கை போணி செய்யலாமா? துக்கம் கழியட்டும் என்று ஹூவேயைப் பின்கட்டில் வைத்தார்கள். அந்த வருஷம்தான் அவளுடைய புதுப்பிக்கும் தேதியும் வந்து போனது. துக்கம் கழிந்தது. கூட்டம் கூடியது. மற்ற நேரங்களுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. லைசென்ஸ் மட்டும் வேண்டியிருக்கவில்லை.

லோவான் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மறுநாளே பேத்தியைத் தூக்கிக்கிட்டு ஹூஸ்டனுக்குப் பஸ் ஏறுவே. உன் சித்தி மக கடை அங்க காத்துக்கிட்டிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

ஹூவே அடுப்பைத் தணித்தாள். அத்தனையும் உண்மை.

*

அன்னையர் தின வாரத்தில் கடையை மூடுவதாவது! "படையலைக் கடையிலயே வெச்சிருவோம். ஹோவாங் கோவிச்சுக்க மாட்டான், அவன் வியாபாரி" என்றாள் லோவான். பின்கட்டில் டவல் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து, படத்தை வைத்து, சோறும் குழம்பும் ஒரு கேன் பீரும் வைத்தார்கள். இந்த ஊர் ஃபுட்பால் டீம் சட்டையில், ஒரு புருவம் லேசாகத் தூக்கிய ஹோவாங். தனியாக எடுத்த படம் அவனுக்கு அது ஒன்றுதான். லைசென்ஸுக்காக எடுத்தது. அதையேதான் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

ஒரே முகம் முன்னால் சுவரிலும் பின்னால் புகையிலும் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவர்களுக்கு ஒன்று லைசென்ஸ், மற்றது சாமி.

இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்தால் முதலில் வருவது போன். எந்தக் கடையில் நுழைந்தாலும் அந்தக் கடைக்காரர் அடுத்த கடைக்குச் சொல்லிவிடுவார். அன்றும் போன் வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. லோவான் பின்கட்டில் ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்து மகனுக்கு வணங்கிக்கொண்டிருந்தாள்.

கதவு மணி குலுங்கியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வாட்டசாட்டமான ஒரு கறுப்பினப் பெண் உள்ளே வந்தாள். பெயர் ஓடெட் பிராசர்.

"சோறு குழையுது!" என்று கத்தினாள் தூய் அக்கா. கடையின் மூத்த வேலைக்காரி. அதுதான் அங்கே சங்கேதம்.

லோவான் ஊதுபத்தியை அவசரமாகக் கிண்ணத்தில் செருகிவிட்டு முன்கட்டுக்கு ஓடினாள். ஹூவே யாரோ ஒருத்தியின் பாதத்தை டவலில் சுற்றி வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு எழுந்தாள். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய், இன்ஸ்பெக்டர் கிளம்பும்வரை பக்கத்து லாண்டரியில் உட்கார்ந்திருப்பது அவள் வழக்கம்.

"செத்தவர் ஜம்முனு நாற்காலியில உக்காந்திருக்காரு, உயிரோட இருக்கறவ குப்பையைத் தூக்கிட்டு ஓடுறா. என்ன கடைடீ இது!" என்று முணுமுணுத்தாள் தூய் அக்கா.

"ஹோவாங் நீங்கதானா?" ஓடெட் சுவரையும் பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா மேடம்."

"கொஞ்சம் மெலிஞ்சிட்டீங்க."

"டயட் மேடம்."

பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்த ஹூவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். செருகிய அவசரத்தில் ஊதுபத்தி ஒன்று சாய்ந்து தட்டின் விளிம்பில் கிடந்தது. கங்கு விழுந்தால் விழப்போகும் இடம் கீழ்த்தட்டு. அங்கே டவல் குவியல். அதை ஒட்டி, நகப்பூச்சைக் கரைக்கிற, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அசிட்டோன் டப்பா, மூடி இறுகாமல். முன்னால் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்தபடி ஐந்தாறு பெண்கள்.

ஓடியிருக்கலாம். தாழ்ப்பாள் கையில்தான் இருந்தது. குப்பைப் பையைப் போட்டுவிட்டு வந்து டப்பாவைத் தூக்கினாள்.

"என்ன புகை நாத்தம்? அசிட்டோன் வெக்கற இடத்துல நெருப்பா?" கேட்டுக்கொண்டே ஓடெட் திரையை விலக்கினாள்.

டப்பாவும் கையுமாக நிற்கும் ஹூவேயைப் பார்த்தாள். பிறகு படத்தை. தலையை நீட்டி முன்கட்டுச் சுவரைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது யாரு?"

லோவான் மூச்சிரைக்க வந்து குறுக்கே புகுந்தாள். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "அது... தாத்தா. ரொம்பப் பழசு தாத்தா" என்றாள்.

"ரொம்பப் பழைய தாத்தா நம்ம ஊர் ஃபுட்பால் டீம் சட்டை போட்டிருக்காரே!" ஓடெட் சிரிக்கவில்லை. ஹூவேயிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. யாரு இவரு?"

லோவான் முகத்தில் சிரிப்பு மாறாமல் தங்கள் மொழியில் பேசினாள். சொல் ஒவ்வொன்றும் பல்லுக்கு நடுவில் கடிபட்டு வந்தது. "தாத்தான்னு சொல்லுடி. இப்பவே உன் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். ஹூஸ்டன் போ, எங்க வேணா போ. நான் தடுக்கல. ஒரே ஒரு வார்த்தை."

ஒரே ஒரு வார்த்தை. அதற்கு அந்தப் பக்கம் ஹூஸ்டன், சொந்த நாற்காலி, மகளுக்கென்று ஒரு அறை. இரண்டு தடவை கூசாமல் பொய்யை அழுத்திய விரல்தானே? இன்னொன்று சொன்னால் என்ன?

ஆனால் அது கம்ப்யூட்டர் திரை. இங்கே சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குழம்பு அவள் வைத்தது. ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு, 'என்ன சொல்லப் போறே?' என்று கேட்கிற மாதிரியே அவன் பார்த்தான். சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, முகத்துக்கு நேரே 'இவர் யாரோ' என்று சொல்வதா?

"என் புருஷன்" என்றாள் ஹூவே. "ஹோவாங். செத்துப்போயிட்டாரு. இன்னிக்கு அவர் நாள்."

"அப்போ முன்னாடி உக்காந்திருக்கறது?"

"அவர் தம்பி."

ஓடெட் தன் போனில் அந்த லைசென்ஸ் எண்ணைத் தேடிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "செத்தவர் லைசென்ஸ் இன்னிக்குக் காலையில புதுசாகியிருக்கு. பண்ணது யாரு?"

திரைக்கு வெளியே பாவ் நின்றுகொண்டிருந்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"இவதான் மேடம்" என்றாள் லோவான். "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இவள் ஒருத்திதான் செய்வாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது." அந்த ஆங்கிலத்தில் மட்டும் எங்கேயும் தடுக்கல் இல்லை.

"ஆமா, நான்தான்" என்றாள் ஹூவே.

ஓடெட் வெகுநேரம் எழுதினாள். கிளம்பும்போது ஹூவேயின் பக்கத்தில் நின்றாள். "நீங்களா உண்மையைச் சொன்னீங்கன்னு ஓரத்துல எழுதியிருக்கேன். அதுக்குன்னு இந்தப் படிவத்துல எடம் கிடையாது. யாராவது படிச்சா உங்க அதிர்ஷ்டம்."

யாரும் படிக்கவில்லை.

*

வாரியத்திலிருந்து கடிதங்கள் வந்தன. கடைக்கு அபராதம், லோவான் கட்டிவிட்டாள். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்த பாவுக்கு எச்சரிக்கை. பள்ளியில் சேர்ந்து முறைப்படி பரீட்சை எழுதலாம். பொய் விண்ணப்பம் கொடுத்த ஹூவேக்கு வந்தது கொஞ்சம் நீளம். இந்தத் தொழிலுக்கு வேண்டிய நன்னடத்தை அவளிடம் இல்லை என்று வாரியம் கருதுகிறது; இன்னும் ஐந்து வருஷத்துக்கு எந்த லைசென்ஸுக்கும் அவள் விண்ணப்பிக்கக் கூடாது.

ஹோவாங்குக்கும் ஒன்று வந்தது. அவர் லைசென்ஸ் ரத்து. ஆட்சேபம் இருந்தால் நேரில் வரலாம்.

"நேர்லயா? வந்தாருன்னா வாரியத்துல ஒருத்தன் மிஞ்சமாட்டான்டி" என்று தூய் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமியார் வீட்டை விட்டு வந்த ஹூவேக்கும் மகளுக்கும் தன் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய தம்பியிடம் ஒரு படகு இருந்தது. நெடுஞ்சாலை ஓரம், பெரிய குடையின் கீழ், ஐஸ் பெட்டிகளோடு அவனுடைய இறாலை விற்க ஆள் தேவைப்பட்டது. இறாலைத் தொடுகிறவளிடம் நன்னடத்தை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் காலை, ஹூவே அப்போதுதான் குடையை விரித்திருந்தாள். லோவானின் கார் வந்து நின்றது. இறங்கியவள் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. பத்தடி தள்ளி, சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

"தள்ளி நின்னா எப்படி அத்தை? ஐஸ் கரையுது."

"யாராவது வந்து வாங்கிட்டுப் போகட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

ஹூவேக்குப் புரிந்தது. இன்னும் போணியாகவில்லை.

யாரும் வரவில்லை. லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. லோவான் இரண்டடி நெருங்கினாள்.

"குழந்தை நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

"பாவ் ஸ்கூலுக்குப் போறான். கைவேலையெல்லாம் பரவாயில்லையாம். இந்தக் கம்ப்யூட்டர் பாடம்தான்..." இன்னும் ஓரடி. "எல்லாத்தையும் எப்படியோ தாண்டிட்டான். ஒண்ணுல மட்டும் மாட்டிக்கிட்டான். மூணு தடவை ஃபெயில்."

"எந்தப் பாடம்?"

"ஏதோ நேர்மையாம்." லோவான் குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத்தான் அது தண்ணிபட்ட பாடாச்சே. ஒரு அரை மணி நேரம். அவன் பேர்ல நீ உக்காந்து... நமக்குள்ள என்ன இருக்கு? குடும்பம்தானே?"

ஹூவே பெட்டியைத் திறந்தாள். பெரிதாகப் பார்த்து இறாலை அள்ளித் தராசில் போட்டாள். ஹோவாங்குக்குப் பிடித்த அளவு. பையில் கொட்டி முடிச்சுப் போட்டாள்.

"அந்தப் பாடத்துல நான் ரெண்டு தடவை பாஸ் அத்தை. அதனாலதான் இங்க நிக்கறேன்" என்றாள். "இந்தத் தடவை பாவ் தானாவே படிக்கட்டும்."

கையுறையைக் கழற்றி ஐஸ் பெட்டி மேல் வைத்தாள். வெறுங்கையில் பையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. இன்னிக்குப் போணி நீங்கதான்."

லோவான் சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கார்கூட இல்லை. பையின் நுனியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஹூவே கையை இறக்கவில்லை.