ஒரு படி மேலே எழுதிய தாள்

பாண்ட் வாத்தியக் குழு றஸ்னாவின் தலையில் வந்து விழுந்ததற்கு அவள் கணிதப் பட்டதாரி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. குழுவைப் பழக்கிய ஜனுசன் சேருக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அதிபர் அவளைக் கூப்பிட்டு, சேர் விட்டுப்போன இசைத்தாள் கோவையை மேசையில் வைத்தார்.

"மியூசிக்கும் கணக்குத்தானே டீச்சர். பாத்துக்கொள்ளுங்க."

"எனக்கு ஒரு சுரமும் தெரியா சேர்."

"எனக்கும்தான் தெரியா. ஆனா நான் அதிபர்."

றஸ்னா கோவையை எடுத்துக்கொண்டாள். கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் அந்தப் பாடசாலையில் அவளுக்கு முதல் வருடம். மறுத்துப் பேசும் அளவுக்கு இன்னும் வேர் பிடித்திருக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் பள்ளிப் பாடம் செய்யும் நேரத்தில் அவளும் கொப்பி விரித்தாள். யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஐந்து கோடு, நாலு இடைவெளி. சுரத்தின் நீளத்தில் செமிபிரீவ் என்றால் முழுசு, மினிம் அதில் பாதி, குறோச்செட் கால்வாசி, குவேவர் அரைக்கால். இது பின்னம்தானே என்று மனசு கொஞ்சம் லேசானது. ஆறின் கீழ் எட்டு என்று ஓரிடத்தில் இருந்ததைப் பழக்கதோஷத்தில் சுருக்கி மூன்றின் கீழ் நாலு ஆக்கினாள். இரண்டும் ஒரே மதிப்பானாலும் தாளம் வேறு, அடி விழும் இடம் வேறு என்று பிறகுதான் படித்தாள். படித்ததும் தனியே இருந்து சிரித்தாள்.

கோவையில் பாடசாலைக் கீதத்துக்கு ஜனுசன் சேர் புதிதாக எழுதிய தாள்கள் இருந்தன. இன்னும் ஒருவரும் வாசித்துப் பார்க்காதவை. ஊதிக்கொண்டே கட்டை அழுத்தி வாசிக்கும் மெலோடிக்காக்கள் பன்னிரண்டுக்கும் ஒரு தாள், ட்றம்பெட்டுக்கு வேறு ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது றஸ்னாவுக்குத் திக்கென்றது. ஒரே பாட்டு, ஒரே தாளம், ஆனால் ட்றம்பெட் தாளில் ஒவ்வொரு சுரப் புள்ளியும் ஒரு படி மேலே ஏறி நின்றது. தொடக்கத்தில் வேறு, சுரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப் குறிகள் இரண்டு. சோதனைத் தாளில் பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்து எழுதும்போது முதல் வரி தப்பினால் முழு அட்டவணையும் தப்பிவிடும். அப்படித்தான் மாற்றம் கிடைத்த அவசரத்தில் சேர் பிசகியிருக்கிறார் என்று முடிவுகட்டினாள். அவருடைய நம்பர் அவளுடைய போனில் இருந்தது. எடுத்துக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு உறுதி. ஷார்ப் இரண்டையும் வெள்ளை டிபெக்ஸ் பூசி அழித்தாள். புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒரு படி கீழே இறக்கி, இரண்டு தாளையும் ஒத்துப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. திருத்திய தாளைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தாள்.

குழுவில் ட்றம்பெட் ஊதுகிறவள் ஒருத்திதான். பஸ்லியா, தரம் பத்து. மாளிகைக்காட்டுப் பிள்ளை, வாப்பா அப்துல் ஸமட்டுக்கு ஒலுவிலில் ஒரு தோணி. அதிகம் கதைக்கமாட்டாள். ஆனால் தாளைக் கொடுத்தால் எழுதியிருப்பதை எழுதியபடி ஊதுவாள்.

முதல் ஒத்திகையிலேயே காது கூசியது. மெலோடிக்காக்கள் ஒரு பக்கம் போக, ட்றம்பெட் வேறு எங்கோ போனது. மூன்று தரம் நிறுத்தி மூன்று தரமும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

"பஸ்லியா, தாளப் பாத்து ஊது."

"பாத்துத்தான் ஊதுறன் டீச்சர். ஆனா சேருதில்ல."

"தாள் சரி. நானே ஒத்துப் பாத்த. நீ வீட்டுல பழகிறல்லயா?"

"பழகிறன் டீச்சர்."

அடுத்த கிழமையும் அதே கதைதான். மைதானத்தில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். யாரோ காதைப் பொத்திக்காட்ட, எல்லாரும் சிரித்தார்கள். றஸ்னாவுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது. அந்தக் கோபத்தில், "ஒரு ஆளால முப்பது பேர்ட வேல பாழாகிது. நீ ட்றம்பெட்ட வெச்சிட்டுப் போ புள்ள" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள்.

பஸ்லியா ட்றம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நடந்து போனாள். அன்று மிச்ச ஒத்திகை ஒழுங்காக நடந்தது. தான் செய்தது சரி என்பதற்கு றஸ்னாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் ட்றம்பெட் இல்லாத பாண்ட் மைதானத்தில் எடுபடவில்லை. ஐம்பது மீற்றர் தள்ளி நின்றால் மேளம் மட்டும்தான் கேட்டது. முன்பு கொஞ்சம் ஊதிப் பழகிய றிஷாட்டை மெலோடிக்காவிலிருந்து எடுத்து ட்றம்பெட்டைக் கொடுத்தாள். பையன் நல்ல காதுள்ளவன். மெலோடிக்காவில் ஒரு பிழையும் விடாதவன். நாலு நாள் பழகி, அஞ்சாம் நாள் சேர்ந்து ஊதினான்.

அதே கர்ணகடூரம்.

"டீச்சர், இந்தத் தாள் எனக்கும் சேருதில்ல" என்றான்.

றஸ்னா பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். பிள்ளை மாறியும் பிழை மாறவில்லை. அப்படியானால் பிழை பிள்ளையில் இல்லை. கணக்கு வாத்திச்சிக்கு இது தெரிய இரண்டு கிழமை எடுத்திருக்கிறது.

இடைவேளையில் றிஷாட்டை மட்டும் கூப்பிட்டாள். ஊதும் சுரம் எதுவென்று காட்டுகிற செயலி ஒன்றைப் போனில் இறக்கியிருந்தாள்.

"தாள்ல சீ இரிக்கிற இடத்த ஊது."

ஊதினான். திரையில் பீ ஃபிளாட் என்று வந்தது.

"டீ ஊது."

திரையில் சீ.

ஈ ஊதினால் டீ காட்டியது. ஜீ ஊதினால் எஃப். அவள் தாளில் இரண்டு நிரல் போட்டு எழுதினாள். ஒரு சுரம் தப்பாமல் எல்லாமே இரண்டு அரைச்சுரம் கீழே. கவனக்குறைவாக ஊதுகிறவள் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் பிசகுவாள். ஒரே அளவாக, ஒரே பக்கமாகப் பிசகமாட்டாள்.

கோவையிலிருந்த மூலத் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். டிபெக்ஸுக்கு அடியில் இரண்டு ஷார்ப்பும் மங்கலாகத் தெரிந்தன. மேல் மூலையில் பெரிய B ஒன்றும் அதன் பக்கத்தில் வளைந்த சின்ன b ஒன்றும் இருந்தன. பார்க்காமல் விட்டதல்ல. பார்த்து, ஏதோ பிரிவின் பெயர் என்று நினைத்து விட்டது.

அப்போதுதான் ஜனுசன் சேருக்குப் போன் எடுத்தாள்.

"ஓம் டீச்சர், அது பீ ஃபிளாட் ட்றம்பெட்" என்றார் அவர். "ட்றம்பெட்காரன் சீ எண்டு ஊதினா, கேக்கிறவனுக்கு பீ ஃபிளாட்தான் கேக்கும். அந்த வாத்தியத்த அப்படித்தான் செஞ்சிருக்கு. அதால அவங்களுக்கு ஒரு சுரம் கூட்டி எழுதித்தான் குடுக்கணும். மேல B-யும் சின்ன b-யும் குறிச்சு வெச்சனே?"

"நான் அதத் திருத்திட்டன் சேர்."

"பிள்ளைகள் என்ன செஞ்சதுகள்?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாளிகைக்காட்டில் பஸ்லியாவின் வீட்டுக்குப் போனாள். அப்துல் ஸமட் வாசலில் கிழிந்த வலையை விரித்துக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். எழும்பி ஸலாம் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார்.

"பஸ்லியா ட்றம்பெட்ட விட்டது பத்திக் கதைக்க வந்த" என்றாள் றஸ்னா.

"அது நல்லதுதான் டீச்சர். பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு அது எண்டு நானும் செல்லிக்கொண்டுதான் இரிந்த. இப்ப விருப்பமில்ல, விட்டுட்டன் எண்டு மகளே செல்லிச்சி. நான் ஒண்டும் கேக்கல்ல."

அந்தப் பிள்ளை நடந்ததை வீட்டில் மூச்சுவிடவில்லை. இப்படியே எழும்பிப் போனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. வாப்பாவுக்கும் சந்தோஷம். கதவடியில் பஸ்லியா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"அவள் விடல்ல" என்றாள் றஸ்னா. "நான்தான் போகச் சொன்ன. எல்லாருக்கும் முன்னால ஏசின. அவளில ஒரு பிழையுமில்ல, நான் குடுத்த தாள்தான் பிழை. சரியா இருந்த தாள நானே பிழையாத் திருத்தினன். அவள் திரும்ப வரணும்."

அப்துல் ஸமட் வலையைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். "எனக்கிட்டயும் செல்லல்லியே, ஏன் மகள்?"

"சென்னா நீங்க பாடசாலைக்கு வந்து சண்ட பிடிச்சிருப்பீங்க வாப்பா."

அவர் ஓம் என்று தலையாட்டினார். பிறகு, "அவள்ட விருப்பம்" என்றார். "பிழை இல்லாதவள் எதுக்கு வீட்டுல இரிக்கணும்."

பஸ்லியா கோப்பையை றஸ்னாவின் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இத எல்லாருக்கும் முன்னால செல்லுவீங்களா டீச்சர்?"

"சொல்லுவன்."

அடுத்த நாள் றஸ்னா கரும்பலகையில் ஐந்து கோடு இரண்டு தரம் போட்டாள். மேலே மெலோடிக்கா, கீழே ட்றம்பெட். ஒரே சத்தம் வர, மேலே சீ எழுதினால் கீழே டீ எழுத வேண்டும் என்று காட்டினாள். சமன்பாட்டை விளங்கப்படுத்துகிற அதே குரலில், தான் எங்கே பிசகினாள், பஸ்லியாவை எப்படி ஏசினாள் என்பதையும் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. றிஷாட் மட்டும் ட்றம்பெட் கைவிட்டுப் போன மனவருத்தத்தில் மெலோடிக்காவை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அடுத்த தவணைக்கு இன்னொரு ட்றம்பெட் கேட்டு எழுதுவதாக அவனுக்கு வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

றஸ்னா பழையபடி திரும்ப எழுதிய தாளைப் பஸ்லியா தாங்கியில் வைத்து ஊதினாள். இரண்டாம் வரி வந்தபோது மெலோடிக்கா எது, ட்றம்பெட் எது என்று பிரிக்க முடியவில்லை. வேலியோரம் நின்றவர்கள் வகுப்புக்குப் போக மறந்து நின்றார்கள்.

போட்டிக்கு ஐந்து நாள்தான் மிச்சம். அணிநடைக்கு அது போதவில்லை. நடந்துகொண்டு ஊத இன்னும் பழக வேண்டியிருந்தது. போட்டியன்று கடற்காற்றும் பலமாக இருந்தது. மைதானத்தின் கிழக்கு மூலையில் திரும்பும்போது ட்றம்பெட் ஒரு சுரத்தைத் தவறவிட்டது. அதிபருக்கோ விருந்தினர்களுக்கோ அது தெரியவில்லை.

முடிந்ததும் பஸ்லியா வியர்வையோடு றஸ்னாவிடம் வந்தாள்.

"மூலையில விட்டது எண்ட பிழை டீச்சர்."

"ஓம், கேட்டது" என்று சொல்லி றஸ்னா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.