மூடி போட்ட பேட்டரி

அந்தக் குழுவின் ரோபோவுக்கு எருமை என்று பெயர். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரில்லை, அதுவாகவே சம்பாதித்துக்கொண்டது. போ என்றால் யோசிக்கும், திரும்பு என்றால் நிற்கும், நில் என்றால் மட்டும் உடனே கேட்கும். ஆறு மாதம், பள்ளி விட்ட பிறகு தினமும் ஆய்வகத்தில் அதோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகப் பந்தை எடுத்துக் கூடையில் போடும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். போட்டி நாள் காலையில், அரங்கத்துக்குள் நுழையும்போதே அதன் சக்கரம் ஒன்று கழன்று, உருண்டோடி, அடுத்த குழுவின் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்த நாள் எந்த லட்சணத்தில் போகப்போகிறது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் நான்கு பேர். கேப்டன், எல்லாவற்றிலும் கறார். அவளுடைய தங்கை பொடிசு, மற்ற மூவரையும்விட இரண்டு வகுப்பு கீழே. ரோபோவை ரிமோட்டில் ஓட்டுகிறவன் ஸ்டியரிங். கணினியை மடியிலிருந்து இறக்காதவன் லேப்டாப். கூட வந்திருந்த இயற்பியல் சாருக்கு எது நடந்தாலும் ஒரே பதில்தான்: "பார்த்துக்கலாம்." அவர் எதையும் பார்த்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

பொடிசைக் குழுவில் சேர்த்தபோது பள்ளியில் பொருமல் கிளம்பியது. அக்கா கேப்டன் என்பதால் தங்கைக்கு இடம் என்று காதுபடவே பேசினார்கள். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருநாள் ஆய்வகத்தில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "இவளுக்குப் பேட்டரி வேலை. அதுல இவ தப்பு பண்ணி ஒரே ஒரு ஆட்டம் போனாக்கூட, நானே இவ கழுத்துல இருக்கிற போட்டி அட்டையைக் கழட்டி வெளிய அனுப்பிடுவேன். போதுமா?"

போதும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். பொடிசுதான் அன்றிலிருந்து கனவில்கூடப் பேட்டரியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வேலை என்னவோ சின்னதுதான். செங்கல் அளவில் ஆறு பேட்டரிகள். சார்ஜர் இரண்டே இரண்டு. சார்ஜ் ஏறிய பேட்டரியின் முனையில் சிவப்பு மூடி போட வேண்டும், ஆட்டம் முடிந்து வந்ததற்கு மூடி போடக் கூடாது. மூடி இருந்தால் முழுசு, இல்லாவிட்டால் காலி. சீட்டு ஒட்டினால் உரிந்துபோகிறது, பேனாவால் எழுதினால் அழிந்துபோகிறது என்பதால் பொடிசே கண்டுபிடித்த ஏற்பாடு இது. அக்காகூட ஒரு தடவை, "பரவாயில்லையே, மூளை இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அக்கா வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய பாடு.

முதல் ஆட்டத்தில் பந்து தொண்டையில் சிக்கிய மாதிரி எருமையின் கைக்குள் மாட்டிக்கொண்டது, எண்ணி இரண்டே பந்து போட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டியரிங் அவசரப்பட்டு, களத்தைச் சுற்றியிருந்த முழங்கால் உயரச் சுவரில் மோதினான். எருமை மல்லாந்தது. நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்ற, அரங்கமே சிரித்தது. அது அவன் தப்புதான், அவனே ஒப்புக்கொண்டான். எப்படியோ தட்டுத்தடுமாறி அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது.

அந்த இடைவேளையில்தான் மஞ்சள் சட்டை அம்மா வந்தார். மேசை மேசையாகப் போய்ப் பாதுகாப்பைச் சோதிப்பது அவர் வேலை. கையில் சோதனைப் பட்டியல், காதில் பென்சில், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. மேசையில் பொடிசைத் தவிர யாருமில்லை.

"இது என்ன, பேட்டரி முனையெல்லாம் திறந்து கிடக்கு? ஏதாவது கம்பி பட்டா என்ன ஆகும்?"

"இல்லைங்க, இது காலி பேட்டரி, அதனால..."

"காலியோ முழுசோ, திறந்து வைக்கக் கூடாது. உடனே மூடுங்க. இல்லேன்னா அடுத்த ஆட்டத்துக்கு அனுமதி தர மாட்டேன்."

அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொடிசு டப்பாவிலிருந்த மூடிகளை எடுத்து ஆறு பேட்டரிக்கும் போட்டுவிட்டாள். அவர் நகர்ந்ததும் காலியானவற்றிலிருந்து கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவர் நகர்வதற்கும் ஒலிபெருக்கியில் இவர்கள் குழுவின் எண்ணைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. அக்கா ஓடி வந்து, "பேட்டரி எங்க?" என்றாள். பொடிசு மூடி போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மூன்றாவது ஆட்டத்தில் எருமை முப்பது விநாடி நன்றாக ஓடியது. பிறகு நடை தளர்ந்தது. சுவரோரம் ஒரு பந்தை எடுக்கப் போய், சுவரில் மெல்ல முட்டி, அப்படியே நின்றுவிட்டது. ஸ்டியரிங் ரிமோட்டை எவ்வளவோ அழுத்திப் பார்த்தான், அது அசையவேயில்லை. மீதி நேரம் முழுவதும் அவன் கையில் ரிமோட்டோடு நிற்க, எதிர்க் குழு பந்தாகப் போட்டுக் குவித்தது.

"மறுபடியும் மோதிட்டியாடா?" என்றான் லேப்டாப்.

"மோதலடா. அதுவா போய் நின்னுச்சு."

"அதுவா போய் நிக்குமா? காலையில அதுவா மல்லாந்துச்சா?"

ஸ்டியரிங் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் மோதியவன் சொல்வதை மத்தியானம் யார் நம்புவார்கள்? அக்கா கணினியை வாங்கித் திறந்து எதையோ பார்த்தாள், பிறகு பட்டென்று மூடினாள். "கடைசி ஆட்டம் நான் ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னாள். "பார்த்துக்கலாம்" என்றார் சார்.

பொடிசு எருமையிலிருந்து பேட்டரியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தாள். வைக்கும்போது கண் மற்ற பேட்டரிகள் மேல் போனது. ஐந்திலும் சிவப்பு மூடி. மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். முழுசாக இருந்தால் பதின்மூன்று வோல்ட் காட்ட வேண்டும். காலையில் ஓட்டிப் பழகியதிலும் ஆட்டங்களிலும் தீர்ந்தவை போக, இரண்டு பேட்டரிதான் அப்படிக் காட்டின. ஆட்டத்திலிருந்து வந்தது பதினொன்றுக்கும் கீழே கிடந்தது. அதன் பக்கவாட்டில், காலையில் எருமை மல்லாந்தபோது விழுந்த கீறல் அப்படியே இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஓடிக் களைத்த அதே பேட்டரியைத்தான் அவள் மூன்றாவது ஆட்டத்துக்கும் கொடுத்திருக்கிறாள்.

முதலில் காலிப் பேட்டரிகளின் மூடிகளைக் கழற்றினாள். மஞ்சள் சட்டை அம்மா திரும்பி வந்தால் என்ன செய்வது என்று பயந்து, அந்த முனைகளில் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். முழுசாக இருந்த இரண்டை மறுபடியும் அளந்தாள். மூன்றாவது தடவையும் அளந்தாள். அளந்துகொண்டிருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

தண்ணீர் குடிக்கலாம் என்று நடைபாதைக்குப் போனால், அங்கே சுவரைப் பார்த்தபடி ஸ்டியரிங் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்பா, வர வேணாம்ப்பா... இல்ல, நான் ஓட்டல... ஆமா, மோதிட்டேன்னு சொல்றாங்க... பாதி வழி வந்துட்டியா? ... சரி."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பொடிசு தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சொன்னால் அட்டை போகும், ஆறு மாதம் போகும், 'அப்பவே சொன்னோமே' என்று பள்ளியே சிரிக்கும், அதில் பாதிச் சிரிப்பு அக்கா தலையில் விழும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அக்கா மேசைக்குப் பின்னால் குனிந்து சக்கரத் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு."

"பேட்டரி..."

"தெரியும்" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமலே. "கணினியில பார்த்தேன். ஆரம்பத்துலேயே வோல்ட் கம்மி. பேசாம இரு."

பொடிசுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சுமா அவனை எடுத்துட்ட?"

"பின்னே? எல்லாருக்கும் முன்னாடி அன்னிக்கு என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "உன்னை நானே வெளிய அனுப்பணும். அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து உன் மூஞ்சியை எப்படிடி பார்ப்பேன்? அவன் காலையில மோதினவன்தானே. ஒரு ஆட்டம் ஓட்டலேன்னா குறைஞ்சா போயிடுவான்?"

"அவங்க அப்பா வந்துட்டு இருக்காரு."

அக்காவின் கையில் திருப்புளி நின்றது. அதற்கு மேல் அங்கே நின்றால் தைரியம் போய்விடும் என்று தெரிந்து, பொடிசு மேசைக்கு முன்பக்கம் போனாள். ஸ்டியரிங் வந்து, ரிமோட்டைத் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தான். லேப்டாப்பும் சாரும் நின்றார்கள்.

"அவன் மோதல" என்றாள் பொடிசு. குரல் கீச்சென்று வந்தது. "நான்தான் காலி பேட்டரியைக் கொடுத்துட்டேன். அந்த அம்மா சொன்னாங்கன்னு எல்லாத்துக்கும் மூடி போட்டேன், கழட்ட மறந்துட்டேன். வண்டி அதனாலதான் நின்னுச்சு."

சார்கூட பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை. லேப்டாப் மெல்ல அக்கா பக்கம் திரும்பினான். ஆய்வகத்தில் அன்று நின்றவர்களில் அவனும் ஒருவன்.

அக்கா எழுந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ரிமோட்டை எடுத்து ஸ்டியரிங் கையில் கொடுத்தாள். "இவ சொல்றது நிஜம். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. மன்னிச்சுக்கோ" என்றாள். பிறகு தங்கையின் கழுத்தில் தொங்கிய அட்டையின் கயிற்றைப் பிடித்து, தலைக்கு மேலாகக் கழற்றினாள். கயிறு காதில் சிக்கியது. காது வலிக்காமல் அதை மெதுவாக விடுவித்தாள்.

"மேல போய் உட்காரு" என்றாள் அக்கா.

"அதெல்லாம் எதுக்கு, விடு" என்றான் ஸ்டியரிங். அக்கா கேட்டால்தானே.

அட்டை இல்லாமல் களத்துப் பக்கம் நிற்க முடியாது. பொடிசு படியேறிப் பார்வையாளர் வரிசையில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பஸ் ஓட்டுகிறவர்களின் காக்கிச் சட்டை, அக்குளில் ஒரு பை. களத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து இவள் சட்டையிலிருந்த பள்ளிச் சின்னத்தைக் கவனித்தார்.

"நீயும் அந்த ஸ்கூல்தானாம்மா? என் பையன் ரிமோட் ஓட்டுறவன். ஓட்டலைன்னு சொன்னான், ஆனா கையில ரிமோட் இருக்கே?"

"ஓட்டப்போறான் அங்கிள்."

"மோதிட்டான்னு சொன்னாங்களாமே?"

"மோதல. பேட்டரி காலி." பொடிசு கீழே களத்தைப் பார்த்தாள். "நான்தான் தப்பாக் கொடுத்தேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "நான் இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன்" என்றார். "வண்டி நின்னா எல்லாரும் ஓட்டுறவன் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. எத்தனையோ தடவை நின்னிருக்கு. என்னாலதான் நின்னுச்சுன்னு ஒரு மெக்கானிக்கூட இதுவரைக்கும் வந்து சொன்னதில்லம்மா." பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

கீழே எருமையைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். பேட்டரியைக் கடைசி நிமிடத்தில்தான் செருகுவார்கள். இத்தனை நாளும் அதைச் செருகியது பொடிசின் கை. இப்போது அக்கா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிவப்பு மூடி போட்டது. போன ஆட்டத்தில் பொய் சொன்ன அதே சிவப்பு மூடி. மற்றவற்றில் ஏன் டேப் சுற்றியிருக்கிறது என்று பொடிசு யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அளந்து பாரேன்க்கா, அளந்து பாரேன்" என்று முணுமுணுத்தாள்.

லேப்டாப் மீட்டரை நீட்டினான். அக்கா அதை வாங்கவில்லை. தலையைத் தூக்கி வரிசை வரிசையாகத் தேடினாள். அத்தனை கூட்டத்தில் தங்கையைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பேட்டரியை உயர்த்திக் காட்டினாள்.

பொடிசு எழுந்து நின்று, முழுசுதான் என்று தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டினால் போதுமா என்று தெரியாமல், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அக்கா மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாள். குனிந்து பேட்டரியைச் செருகிவிட்டு, மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் களத்தை விட்டு வெளியே வந்தாள்.

"ஓடுமாம்மா?" என்று கேட்டார் ஸ்டியரிங்கின் அப்பா.

"ஓடும் அங்கிள்" என்றாள் பொடிசு. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மணி அடித்தது. எருமை, என்றும் இல்லாத அதிசயமாக, போ என்றதும் போனது.