அண்ணன் கிள்ளாத துரும்பு

என் அண்ணன் கருத்தக்கண்ணன் திருந்திவிட்டான் என்று மயிலாடும்பாறையே மெச்சியது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவன் நல்லவனானதற்கு வயிறெரிந்த தங்கச்சி இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவன் முன்பு எப்படி இருந்தான் என்று சொன்னால்தான் என் நியாயம் விளங்கும். சாராயம் உள்ளே போனால் யார் எவர் என்று பார்க்க மாட்டான். மதினி சுப்புத்தாயின் முகத்தில் எந்த மாசமும் ஒரு கன்றிய தடம் இருக்கும். அடுத்தவன் சோளக்கொல்லையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, கேட்க வந்தவனையே அரிவாளோடு விரட்டுவான். ஆனால் என்னைப் பழனிசெட்டிபட்டியில் மலைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்த பின் அந்த முரடன்தான் எனக்கு வேலி. கல்யாணமான மூன்றாம் மாசம் என் புருஷன் என்னை அடித்தான். சேதி கேட்டு அண்ணன் ஒரே நடையாக நடந்து வந்து, அவனைக் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் தள்ளினான். "இன்னொருக்கா எந்தங்கச்சி மேல கை வச்சே, கை இருக்காது" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனான். அதன்பின் நாலு வருஷம் மலைச்சாமி என்னை ஏறிட்டு ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நாலு வருஷமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போடிக்கு ரயில் விட்ட வருஷம் ஒரு உபதேசியார் மயிலாடும்பாறைப் பக்கம் வந்து போனார். என்ன சொன்னாரோ, அண்ணன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான். குடுமியை எடுத்தான். சாராயத்தை விட்டான். யார் கொல்லையை மேய்த்தானோ அந்தச் சுருளியாண்டி வீட்டு வாசலில் போய் நின்று, "நான் பண்ணது தப்பு" என்று கும்பிட்டான். இது என்ன புதுச் சூது என்று சுருளியாண்டி பயந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். சோளம் அறுப்புக்கு நான் போனபோது மதினி அடுப்படியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று தெற்றிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழு வருஷமாக அவள் என் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

சேதி மலைச்சாமி காதுக்கும் வந்தது. சந்தையிலிருந்து வந்தவன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒங்கண்ணன் வேதக்காரனாயிட்டானாமுல்ல? ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தக் காட்டணுமாமுல்ல?"

அன்று குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அடித்தான். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தான். மறுநாளும் அடித்தான். ஒரு மாசத்தில் எனக்கு இடது காது கேட்காமல் போனது.

ஒருநாள் யாருக்கும் தெரியாமல் கிளம்பி அண்ணன் வீட்டில் போய் விழுந்தேன். "என்னைத் தீத்துவிட்டுரு அண்ணே" என்றேன். எங்கள் ஆட்களில் புருஷன் பொண்டாட்டியைத் தீர்த்துவிடுவது பெரிய காரியமில்லை. சாவடியில் ஊர் கூடும். பெண்ணுக்குத் தகப்பனோ, தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பியோ ஒரு துரும்பைக் கிள்ளிப் புருஷன் முன்னால் போட வேண்டும். போட்டால் தீர்ந்தது. அவள் வேறொருவனைக்கூடக் கட்டிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எங்கள் ஐயா செத்துப் பத்து வருஷமாயிற்று. எனக்கு இருந்தது இவன் ஒருவன்தான்.

அண்ணன் என் காதைத் தடவித் தடவி அழுதான். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

நானே போய் ஊரில் முறையிட்டேன், புதன்கிழமை சாவடியில் கூடினார்கள். ஆள் விட்டு அழைத்ததில் மலைச்சாமியும் வந்திருந்தான். ஊர்ப்பெரியவர் ஒச்சாண்டி சாவடிக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி அண்ணனிடம் நீட்டினார்.

"நீ வேதத்துக்குப் போனா என்னப்பா, இவ கூடப்பொறந்தவன் நீதான. கிள்ளிப் போடு, முடிஞ்சுபோகும்."

அண்ணன் கை நீட்டவில்லை. "சாமி சேத்து வச்சத மனுசன் பிரிக்கக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு பெரியய்யா. என்னால ஆகாது."

"அடிச்சுக் கொன்னாலுமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அவ எங்கூட இருக்கட்டும். சாகுறவரைக்கும் கஞ்சி ஊத்துறேன். துரும்பு மட்டும் கேக்காதீக."

"துரும்பு விழாட்டி அவ அவன் பொண்டாட்டி. அவன் கூப்பிட்டா போகத்தான் வேணும்" என்றார் ஒச்சாண்டி.

மலைச்சாமி எழுந்து, "கெளம்பு" என்றான். அப்போது என் அண்ணன் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எவனைக் குப்பைக்குழியில் தள்ளினானோ அவன் காலில் நாலு பேர் பார்க்க விழுந்தான். "எந்தங்கச்சிய அடிக்காதீக மாப்ள" என்று கெஞ்சினான். சாவடியில் சிலருக்குக் கண் கலங்கியது. "அந்தக் கருத்தக்கண்ணனா இது!" என்று அதிசயப்பட்டார்கள். எனக்கு மண்ணை வாரித் தூற்ற வேண்டும்போல இருந்தது.

"நீ பழைய குடிகாரனாவே இருந்திருக்கலாமே அண்ணே" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நானும் மலைச்சாமியும் நடக்க, அண்ணன் பின்னாலேயே வந்தான். போ என்று சொல்லியும் போகவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் வீடு சேர்ந்தோம். அண்ணன் வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே போனதும் மலைச்சாமி மூங்கில் கம்பை எடுத்தான். "என்னையவா ஊருக்கு முன்னால நிறுத்துன?" என்று ஓங்கினான்.

"அண்ணே!" என்று கத்தினேன். அவ்வளவு கோபத்திலும் அதுதான் வாயில் வந்தது.

அண்ணன் உள்ளே வந்தான். வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். ஆமாம், உட்கார்ந்துகொண்டான். கம்பு அவன் தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, தலையில் விழுந்தது. எழுந்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் மலைச்சாமி சுவரில் போய் ஒட்டியிருப்பான். அண்ணன் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தபடி இருந்தான். அந்தக் கைகளை ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டான். வலியால் இல்லை, திருப்பி அடிக்காமல் இருக்கத்தான் அப்படி நெரித்தான். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் மலைச்சாமிக்குக் கை அலுத்து, கம்பை எறிந்துவிட்டு வெளியே போனான்.

அண்ணன் தலையில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. அவன் முகத்தில் சின்னப்பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா தாயி, இன்னைக்கு ஒம் மேல ஒரு அடிகூட விழல."

"நாளைக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஊரில் விதைப்பு போட்டது போட்டபடி கிடந்தது. மதினி தனியாக இருந்தாள். எத்தனை நாளைக்கு இங்கே வந்து உட்கார முடியும்? அவன் எழுந்து, துண்டைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மயிலாடும்பாறைக்கு நடந்தான்.

நான் கம்பை எடுத்து அதன் இடத்திலேயே வைத்தேன். இல்லாவிட்டால் அதற்கும் அடிப்பான்.