சுவரைப் பார்த்த செம்பருத்திகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த டேனரியின் தோட்டத்துக்கு வயது ஒரு வருடம் என்று ஃபைல் சொன்னது. தோட்டம் வந்து இறங்கி ஒரு நாள்தான் ஆகிறது என்று தானியேலுக்குத் தெரியும். சுத்தம் செய்த கழிவுநீரில் செடி வளர்க்கிறோம் என்று தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொல்லியாயிற்று. அந்தத் தண்ணீரைக் குடித்த நிஜச் செடிகளோ ஒரே மாதத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலூர் நர்சரி ஒன்றிலிருந்து நாற்பது செம்பருத்தித் தொட்டிகள் வாடகைக்கு வந்தன. தானியேல் ஒற்றை ஆளாகக் குழி வெட்டி, தொட்டியோடு புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடினான். முதுகு கழன்றுவிட்டது. ஆனால் இந்த ஆடிட் முடிந்தால் பர்மனென்ட் என்று முதலாளி ஜெயப்பிரகாஷ் வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் கிடக்கிறவனுக்கு முதுகு ஒரு பொருட்டா?

திங்களன்று அந்தக் கம்பெனி சார்பில் சோதிக்க வந்த ஹீனா தாவரவியல் படித்தவள். இப்படி ஒரு அநியாயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு வருஷமா இதே இடத்துலதான் இருக்குதா?"

"ஆமா மேடம். என் கையால தண்ணி ஊத்தி வளர்த்தேன்."

"செடி வெளிச்சம் வர்ற பக்கம்தான் வளையும். இங்க ரோட்டுப் பக்கம் மட்டும்தான் வெளிச்சம். பாதிச் செடி சுவரைப் பார்த்துச் சாஞ்சிருக்கே, அங்க என்ன இருக்கு?"

தானியேலும் சுவரைப் பார்த்தான். நர்சரிக் கொட்டகையில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தவற்றை, கைக்கு வந்தபடி நட்டுத் தொலைத்திருந்தான்.

"காத்து, மேடம்" என்றான். அன்று பார்த்து ஒரு இலை அசையவில்லை.

ஹீனா குனிந்து விரலால் மண்ணைக் கிளறினாள். தொட்டியின் விளிம்பு தெரிந்தது.

"இது யார் வேலை?"

முதலாளி வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இப்போது காப்பாற்றினால் மனுஷன் மறக்கவா போகிறார் என்று தானியேல் நினைத்தான், பாவம்.

"நான்தான் மேடம். சாருக்கு ஒண்ணும் தெரியாது."

"அடப்பாவி!" முதலாளி அதிர்ந்துபோனார். அந்த அதிர்ச்சிக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். "இன்னிக்கே இவனை நிறுத்திடறேன் மேடம்."

‘தவறு செய்தவர் நீக்கப்பட்டார், குறை சரிசெய்யப்பட்டது’ என்று ஹீனா எழுதிக் கையெழுத்திட்டாள். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது.

அவள் கார் கேட்டைத் தாண்டியதும் தானியேல் ஓடி வந்தான்.

"சார், அந்த பர்மனென்ட்..."

ஜெயப்பிரகாஷ் அவன் தோளில் கை போட்டார்.

"பேஜார் பண்ணாத தானியேல். போறதுக்கு முன்ன செடிங்கள எல்லாம் ரோட்டுப் பக்கமா திருப்பி வெச்சிட்டுப் போ. அடுத்த வாரம் வேற கம்பெனிக்காரங்க வர்றாங்க."