நடுவில் தாழ்ந்த கற்கள்

1

இக்கதை எவ்வாறு தோன்றியது என்பதை முதற்கண் கூறிவிடுகிறேன். என் வீட்டின் பின்புறத்தில், சமையலறை வாசலிலிருந்து துணிக்கொடி வரை, நானே என் கைகளால் ஒரு நடைபாதை அமைத்தேன். முதல் மழைக்குப் பின் அதன் நடுப்பகுதிக் கற்கள் தாழ்ந்தன. அவை ஏன் தாழ்ந்தன என ஆராயப் புகுந்த இடத்தில் இக்கதை எனக்குக் கிடைத்தது. கிடைத்ததற்காக மகிழ்ந்தேன் என்று எழுத மாட்டேன்.

தாழ்ந்த கற்கள் பெயர்க்கப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. வெளியே என் மருமகன் மணல் சலிக்கிறார். அவர் பேக்கரியில் ரொட்டி போடுபவர். மதியம் வேலைக்குச் செல்ல வேண்டும். அதற்குள் நான் ஒரு விடை சொல்லியாக வேண்டும்: கற்களை மீண்டும் நேராகப் பதிப்பதா, வளைத்துப் பதிப்பதா? "ஒரு பத்தி மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்" என்று கூறிவிட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்திருக்கிறேன். ஒரு பத்தி முடிந்துவிட்டது. எழ மனம் வரவில்லை.

2

தொடக்கங்கள் பின்வருமாறு:

(அ) "எழில் கொஞ்சும் ஒரு தோட்டத்தின் நடுவே, பாம்பென வளைந்து நெளிந்து" –

[கைவிட்டேன். எழில் கொஞ்சவில்லை. புல், ஓர் எலுமிச்சை, துணிக்கொடிக் கம்பம் இரண்டு. மேலும் உலகிலுள்ள எல்லாப் பாதைகளையும் பாம்புக்கே ஒப்பிட்டால் மற்ற உயிர்கள் என்ன செய்யும்?]

(ஆ) "லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் தம் மனைவியை இழந்த பின்னர்" –

[இதையும் கைவிட்டேன். 'அவர்' என்று எழுதினால் துயரம் ஒரு வரம்புக்குள் நிற்கும் என எண்ணினேன். ஆனால் அந்த மனிதர் வெறுமனே சாப்பிட்டார், உறங்கினார், குழாயை மூட மறந்தார். அவரை வைத்துக் கதை நகரவில்லை.]

(இ) "என் மனைவி ஒரு பாதை போட்டிருந்தாள், போட்டது அவளுக்கே தெரியாது."

இதை வைத்துக்கொள்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகியவன் நான். கட்டுரைப் போட்டியில் இருமுறை முதலிடம் பெற்றேன் என்பதை ஈண்டுக் குறிப்பிடுவது தற்பெருமை ஆகாது. ஒரு நல்ல வாக்கியத்தைக் கண்டால் எனக்குத் தெரியும் என்பதற்குச் சான்றாகும்.

3

அருகிலிருந்த தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது என் மனைவியின் தொழில். நனைந்த விரிப்புகள் நிறைந்த கூடை, இடுப்பில் ஒரு குழந்தையின் பாரம் கொண்டது. அப்பாரத்துடன் ஆண்டுக்கணக்கில் அவள் கொடிக்கு நடந்ததால் புல் ஒதுங்கி, மண் இறுகி, ஓர் அடித்தடம் உண்டாயிற்று. அத்தடம் வாசலிலிருந்து நேராகச் சென்று, தோட்டத்தின் நட்ட நடுவில், மரமோ கல்லோ இல்லாத வெறும் புல்லில் திடீரென இடப்புறம் ஒதுங்கி, வில்லைப் போல வளைந்து, மீண்டும் நேர்வழிக்கு வரும்.

நான் வாழ்நாள் முழுவதும் நேராக மேலேயும் நேராகக் கீழேயும் செல்லும் பொருளைப் பழுதுபார்த்தவன். அந்த வளைவு என் கண்ணை உறுத்தியது.

"ஏன் இப்படி ஊரைச் சுத்திட்டுப் போற? கொடி அதோ எதிர்லயே இருக்கு."

"கால் போகுது, நான் பின்னாலயே போறேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"வீண் நடை."

"ஆமா, உங்க லிஃப்ட் மாதிரி பொத்தானை அமுக்கினா கொடி கீழ இறங்கி வருமா? வந்து இந்த முனையைப் பிடிங்க, பிழியணும்."

நான் முனையைப் பிடித்தேன். எங்கள் இல்லறத்தில் இந்த உரையாடல் பல்வேறு வடிவங்களில் நிகழ்ந்திருக்கிறது. ஒருமுறைகூட அவள் வேறு விடை கூறவில்லை. நானும் வேறு வினா வினவவில்லை.

4

அவள் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் மகள் கருவுற்றாள். பேறு முடியும்வரை இங்கேயே இருப்பதெனக் கணவருடன் வந்து சேர்ந்தாள். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எனவே வீட்டிலும் யாரேனும் ஒரு செயலைத் தொடங்கும் முன் அவளது வலக்கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும். அவள் துணிக் கூடையை வயிற்றின்மேல் தாங்கிக்கொண்டு ஈரமண்ணில் நடப்பதைப் பார்த்த பின்புதான் நான் நடைபாதை அமைக்கத் தீர்மானித்தேன்.

லிஃப்ட் தண்டவாளம் பொருத்தும்போது மேலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுவோம். மேல்முனையும் கீழ்முனையும் நூலுக்குச் சரியாக நின்றால் நடுவும் சரியாக நிற்கும். அதைத் தனியே ஐயுறத் தேவையில்லை. அந்த விதியையே தோட்டத்திலும் கையாண்டேன். வாசலிலிருந்து கொடிவரை நேராக நூல் பிடித்தேன். இரு முனைகளிலும் மண்வெட்டி இறங்க மறுத்தது, அவ்வளவு இறுக்கம். ஆகவே நிலத்தை இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டியதில்லை என முடிவுசெய்து, மேலே மணல் பரப்பிக் கற்களைப் பதித்தேன்.

நடுப்பகுதியில் கல்லை வைத்த மருமகன் காலால் அமுக்கிப் பார்த்தார்.

"மாமா, இங்க மட்டும் பன்னு மாதிரி அமுங்குதே."

"மாப்பிள்ளை, இது பேக்கரி இல்ல."

"சரி மாமா. பொங்கி வந்தா சொல்றேன்."

பொங்கவில்லை, தாழ்ந்தது. மழைக்கு மறுநாள் மகளின் கால் அந்தக் கல்லின் விளிம்பில் இடறியது. அவள் கொடிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டாள், விழவில்லை. கூடை விழுந்தது. அன்று என்னை அவள் திட்டிய சொற்களை அச்சில் ஏற்ற இயலாது. பின்னர் அவளே அழுதாள். நான் உள்ளே சென்று மண்வெட்டியை எடுத்துவந்தேன்.

5

கல்லைப் பெயர்த்தேன். மணலை விலக்கினேன். கீழே மண் கறுப்பாக, உதிரியாக, மண்புழுக்கள் நெளிய இருந்தது. கையை வைத்தேன், மணிக்கட்டுவரை இறங்கியது. அவ்விடம் நெடுங்காலமாக எவராலும் மிதிக்கப்படவில்லை.

[இங்கே கதை நிற்கிறது. ஒரு செய்தியை நான் இதுவரை கூறவில்லை. கூறாமலே எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.]

மகளுக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். நடை பழகும் பருவம் முடிந்திருந்தது. என் மனைவி துணி காயப்போடும் நேரமெல்லாம் அவன் அந்தப் புல்லின் நடுவில், ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் சிறிது நீருடன் அமர்ந்திருப்பான். அவள் கூடையுடன் அவனைச் சுற்றிக்கொண்டு போவாள். போகும்போது விரலிலிருந்து நீரை அவன்மேல் தெறிப்பாள். அவன் கத்திச் சிரிப்பான். தொட்டியில் எந்தத் தீங்கும் நேரவில்லை. காய்ச்சல் வந்தது, மருத்துவமனையிலிருந்து அவன் திரும்பவில்லை. தொட்டியை நான் யாருக்கோ கொடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் புல் வெளுத்து வட்டமாக இருந்தது; பிறகு பச்சையாயிற்று. நான் மறந்துபோனேன். மகனை அல்ல; வட்டத்தை.

அவள் கடைசிவரை அதைச் சுற்றியே நடந்திருக்கிறாள்.

6

என் மனைவி என்னும் இக்கதாபாத்திரத்தின்மீது எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவள் தெரிந்தே சுற்றி நடந்தாளா, அல்லது பழகிய கால்கள் தாமே ஒதுங்கினவா? கதாசிரியன் தன் பாத்திரத்தின் உள்ளத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்று எங்கள் மாலை வகுப்பின் பாடநூல் வலியுறுத்துகிறது. அந்நூலை இயற்றியவர் மணமானவர்தாமா என்று தெரியவில்லை. ஆகவே அவளைப் பேசவைக்க முயன்றேன்:

"அந்த இடத்தை ஏன் மிதிக்க மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி, "அங்க நம்ம" –

[கைவிட்டேன். அவள் உயிரோடிருந்தபோது கேளாத ஒன்றை இப்போது கேட்டு, அதற்கு விடையையும் நானே எழுதிக்கொள்வது முறையன்று.]

7

இனி, சிக்கலைத் தெளிவாக வரையறுக்கிறேன். நேராகவே மீண்டும் பதிப்பதானால், அந்த மென்மண்ணைத் திமிசுக் கட்டையால் கெட்டிப்பட இடிக்க வேண்டும். திமிசு என்பது கைப்பிடி உள்ள கனத்த மரக்கட்டை. தூக்கித் தூக்கிப் போட வேண்டும். அவள் ஒருநாளும் மிதிக்காத இடத்தை அதைக்கொண்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் அவளது வளைந்த தடத்தைப் புல் மூடிவிடும். இப்போதே மூடத் தொடங்கிவிட்டது.

வளைத்துப் பதிப்பதானால் இடிக்கத் தேவையே இல்லை. அத்தடம் கல்போல் இறுகியிருக்கிறது. ஆனால் அவள் கால் பட்ட மண் அனைத்தும் சிமெண்டுக் கற்களின் அடியில் போய்விடும்.

ஒரு வழியில் புல் மூடும். மறு வழியில் நான் மூடுவேன்.

எதுவும் செய்யாமல் விடலாமே என வாசகர் வினவலாம். அங்கே என் மகள் வயிற்றுப் பிள்ளையுடன் நடக்கிறாள்.

8

மகளிடம் சொல்லிவிடலாம். அண்ணன் ஒருவன் பிறந்து இறந்தான் என்பது அவளுக்குத் தெரியும்; கூடத்தில் படம் இருக்கிறது. தொட்டி தெரியாது. இன்று காலை, நாற்காலியில் அமர்ந்து எங்கள் வேலையை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தவள், தானே அருகில் வந்துவிட்டாள்.

"அம்மா ஏன்பா இங்க வளைஞ்சு போவாங்க? இங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"பழக்கம்மா."

"என்ன பழக்கமோ. சின்ன வயசுல நான் நடுவால ஓடினா மட்டும் கையைப் பிடிச்சு இழுத்துடுவாங்க. புல்லு கெட்டுடும்னு."

நான் மண்வெட்டியின் காம்பைத் துடைத்தேன். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நேராவே போட்டுடுங்க. ஆனா இந்தத் தடவை நல்லா இடிச்சுப் போடுங்க. உங்க தூக்குக்குண்டுக் கதையெல்லாம் வேண்டாம்."

அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. இழந்த குழந்தையின் இடத்தைச் சுட்டிக்காட்டும் பொழுதா இது? வேறு பொழுது வருமா? இவ்விரு வினாக்களுக்கும் இடையில்தான் நான் பேனாவை எடுத்தேன்.

9

முடிவுகள்.

முதலாவது: பாதை வளைத்துப் போடப்படுகிறது. வளைவினுள் பேரக்குழந்தைக்கு ஒரு தொட்டி வைக்கப்படுகிறது. குழந்தை நீரை அடித்துச் சிரிக்கிறது. [பாடநூல் இதை மிகவும் பாராட்டும். நான் ஏற்கவில்லை. ஒரு குழந்தையின் இடத்தை இன்னொரு குழந்தையை வைத்து நிரப்புவதற்கு எனக்கு உரிமை இல்லை. பிறக்கப்போகிறவனுக்கோ பிறக்கப்போகிறவளுக்கோ அது நியாயமும் அன்று.]

இரண்டாவது: எதையும் அறியாத மகள், ஒரு செம்புத் தண்ணீருடன் தோட்டத்தைக் கடக்கிறாள். நடுவில் அவள் கால்கள் தாமாகவே இடப்புறம் ஒதுங்கி, தாயின் தடத்தில் சுற்றிச் செல்கின்றன. சன்னலிலிருந்து பார்க்கும் தந்தையின் கண்கள் பனிக்கின்றன. [இவ்வளவு எழுதிவிட்டு உண்மையாகவே சன்னல் வழியே பார்த்தேன். அவள் கணவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். பெயர்த்த மண்ணின்மேல், நேராக, நடுவால் நடந்துபோனாள்.]

மூன்றாவது: நான் எழுந்து சென்று, அவளை நாற்காலியில் அமரச்சொல்லி, "அம்மா ஏன் வளைஞ்சு போனாங்கன்னு கேட்டியே" –

[இதை நான் கைவிடவில்லை. இதற்குமேல் வரவில்லை.]

10

"அப்பா! எழுதறது கதையா, காவியமா? வெயில் ஏறுது!"

"இதோ."

"இந்த 'இதோ'வை வெச்சு ஒரு வீடே கட்டலாம்."

"மாமா, மணலைச் சலிச்சுச் சலிச்சு மைதா ஆக்கிட்டேன். நேரம் ஆகுது. நான் ஆரம்பிக்கட்டுமா?"

நான் விடை கூறவில்லை. விடை கூறாமையை இசைவு என்று கொள்வது மருமகன்களின் இயல்பு.

வாசகரே, அந்த இடத்தைப் பற்றி அறிந்தவர்கள் ஒருகாலத்தில் இருவர். பிறகு நான் ஒருவனே ஆனேன். இப்போது நீங்களும் அறிவீர்கள். அறியாதவரால்தான் இவ்வேலையை எளிதாகச் செய்ய முடியும். மகளிடம் சொல்லாமலிருக்க எனக்குள்ள மிக வலுவான காரணமும் அதுவே, மிக இழிவான காரணமும் அதுவே.

வெளியே ஓர் ஓசை கேட்கிறது. மரக்கட்டை மண்ணில் விழும் ஓசை. அழுத்தமாக, சற்று ஈரமாக. வளைத்துப் பதிப்பதானால் இடிக்கத் தேவையில்லை என்று மேலே விளக்கியிருந்தேன். ஆகவே அவர் எங்கே நின்று இடிக்கிறார் என்பதை வாசகருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மீண்டும் ஒருமுறை. "இன்னும் பலமா" என்கிறாள் மகள்.

நிறுத்துவதற்கு ஒரு சொல் போதும். அச்சொல்லை எழுத எனக்குத் தெரியும், பிழையின்றி எழுதுவேன். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சன்னல் திறந்துதான் இருக்கிறது. அவர்கள் தொலைவில் இல்லை. உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கும்.