நல்ல செய்திக்கு வளைந்த மரம்

நீராவிக்கு மசியாத அந்த வால்நட் வெனீர் என்கிற மெல்லிய மரத்தாள் நல்ல செய்திக்கு வளைந்தது. பழைய கார்களின் உள்பக்க மரவேலையைப் புதுப்பிக்கும் கொட்டகையில் இது நடந்தது. பார்த்தவர்கள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். கொட்டகையை நடத்தியவளைப் பசைக்காரி என்பார்கள், அவள் ஒட்டியது எதுவும் பிரிந்துவந்ததில்லை என்பதால். எஞ்சின் வேலையை அவள் கணவன் மெக்கானிக் பார்த்துக்கொண்டான். அந்தக் கோடையில் கொட்டகையில் நின்றது அவளுடைய அம்மாவின் கார். அம்மா மருத்துவச்சி, பிரசவம் பார்க்க அந்தக் காரில்தான் ஓடுவாள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பொறுக்காமல் பின்சீட்டிலேயே பிறந்தவர்களும் உண்டு. அவள் ஓய்வு பெற்றபின் கார் வருடக்கணக்காக வெயிலில் நின்று, டாஷ்போர்டின் மரமெல்லாம் காய்ந்த முதுகுத் தோலைப்போல உரிந்திருந்தது. திடீரென்று ஒருநாள் அம்மா, "மாசக் கடைசிக்குள்ள வண்டி ஓடணும். உள்ள அந்தப் பழைய அழகு அப்படியே இருக்கணும்" என்றாள். எதற்கு என்று கேட்டால், "சொல்றப்போ சொல்றேன்."

பசைக்காரி பழைய வெனீரைச் சூடு காட்டி உரித்தாள். அதே சுழியும் அதே தேன்நிறமும் கொண்ட புது வெனீர் ஒரே ஒரு கட்டுதான் கிடைத்தது. காகித கனம்தான் இருக்கும். ஆனால் டாஷ்போர்டின் வளைவுக்குச் செய்த அச்சின்மேல் வைத்தால் தகரம்போல விறைத்து நின்றது. ஈரத்துணி போட்டாள், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள், ஆவியில் காட்டினாள். இன்னும் அழுத்தினால் உடைந்துவிடும். அப்போது மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே வந்து, "ஏம்மா, எஞ்சின் ஒரே சாவித் திருப்புல ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றான். வெனீரின் ஒரு முனை மெல்லத் தாழ்ந்து, அச்சைத் தொட்டுக்கொண்டு அப்படியே கிடந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மறுபடி அதையே சொல்லிப் பார்த்தான்; பழைய செய்தியை அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, புதிதாகச் சொல்வோம் என்று, "நான் சிகரெட்டை விட்டுட்டேன்" என்றான். சோதனைக்கு வைத்திருந்த துண்டு படக்கென்று விரிசல் விட்டது. பசைக்காரி அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் கொட்டகையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. யாருக்கு எது நல்லதாக நடந்தாலும் முதலில் இங்கேதான் ஓடிவந்தார்கள். தபால்காரியின் குழந்தை எழுந்து நடந்ததில் இடது கதவின் பட்டை முழுதும் உட்கார்ந்தது. வலது கதவுக்கு, காணாமல் போன நாய் தானாகவே வீடு திரும்பியது போதுமானதாக இருந்தது. தையல்காரரும் அவர் தம்பியும் பல வருடம் கழித்துப் பேசிக்கொண்டதில் கியர் பக்கத்துச் சின்ன வளைவு முடிந்தது. பசைக்காரிக்குச் சாப்பாடு மறந்துவிட்டது. ஆள் நுழைந்தாலே கையில் பசைத் தூரிகையோடு தயாராக நின்றாள். ஆனால் டாஷ்போர்டு மட்டும் அசையவில்லை. மேலே குவிந்து, கீழே உள்வாங்கி, மீட்டர் துளைகளைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகும் வளைவு அது. தெருவின் செய்திகளுக்கெல்லாம் ஓரங்கள் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டின; நடுப்பகுதி கல்லுளிமங்கனாக நின்றது. கட்டில் மிச்சமிருந்ததோ அந்த ஒரே தாள். மாசக் கடைசி நெருங்கிவிட்டது.

ஒரு மத்தியானம் அம்மா வந்தாள். பின்னால் கடைத்தெருக் கடிகாரக்காரர், உள்ளே வரலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றார். அம்மா சுற்றிவளைக்கவில்லை.

"நானும் இவரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அதுக்குத்தான் வண்டி."

எல்லோரும் வெனீரைப் பார்த்தார்கள். அது மயிரிழைகூட அசையவில்லை. மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தை, இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றான்.

"அதுக்குக் காது நல்லாத்தான் கேக்குது மாப்பிள்ளை. இவளுக்குத்தான் இன்னும் போய்ச் சேரல."

உண்மைதான். அப்பா போனபோது பசைக்காரிக்கு ஒன்பது வயது. அதற்குப்பின் அம்மாவுக்கென்று தனியாக ஒரு ஆசை இருக்கக்கூடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு நல்லதுதான் என்று புத்தி சொன்னது. மனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம சுவர்க்கடிகாரம் அடிக்கடி ரிப்பேருக்குப் போச்சே, ஞாபகமிருக்கா? அது கெட்டதே இல்ல. நான்தான் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி விடுவேன்."

வாசலிலிருந்து கடிகாரக்காரர் முதன்முறையாக வாய் திறந்தார். "எனக்குத் தெரியும்மா. நானும் ஒரு ஸ்க்ரூவை முடுக்காமத்தான் திருப்பி அனுப்புவேன்."

அம்மாவுக்கே இது புதுச் செய்தி. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அறுபத்தேழு வயது முகம் காதுவரை சிவந்தது. அதைப் பார்த்ததும் பசைக்காரிக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொங்கியது. அடக்க அடக்க அடங்காமல், கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். அந்தச் சிரிப்பினூடே வெனீர், தொட்டிலில் விரித்த துணியைப்போல, அச்சின் மேடுபள்ளமெல்லாம் தழுவிக்கொண்டு இறங்கியது.

"பசை, பசை" என்று கத்தினாள். மெக்கானிக் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களை அள்ளிக்கொண்டு வந்தான், அம்மா மரத்தை அழுத்திவைக்கச் சுடுமணல் மூட்டைகளைத் தூக்கிப் பரப்பினாள். எல்லா இடமும் பிடிபட்டு, ஒரே ஒரு ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. பசைக்காரி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, அங்கேயே நிக்காதீங்க. வந்து இந்த ஓரத்தைப் பிடிங்க. கையை எடுத்தீங்கன்னா கல்யாணம் கிடையாது."

பசை இறுகும்வரை கடிகாரக்காரர் கையை எடுக்கவில்லை. இடையில் அம்மா அவர் காலரில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். பசைக்காரி அதைப் பார்த்தாள், பார்க்காததுபோலக் குனிந்து மெல்லிய சிரிப்போடு அடுத்த கிளாம்பை முடுக்கினாள்.

மாசக் கடைசியில் அம்மாவே காரை ஓட்டினாள். கல்யாண மாப்பிள்ளை கடிகாரக்காரர் பக்கத்தில், மகளும் மருமகனும் பின்சீட்டில். மெருகேறிய டாஷ்போர்டில் நாலு முகங்களும் தெரிந்தன. இப்போதெல்லாம் கொட்டகைக்கு வண்டி கொண்டுவருபவர்களிடம் பசைக்காரி இரண்டு கேள்விதான் கேட்கிறாள்: பாலிஷ் பளபளப்பாகவா, மங்கலாகவா; நல்ல செய்தி என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை என்பவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகலாம், ஏதாவது நடந்ததும் வந்தால் போதும். கொட்டகைக்குப் பின்னால் நிழலான இடம் இருக்கிறது.