கும்மரை எங்கே கொட்டுவது

1

இந்தக் கதை ஒரு அகராதியிலிருந்து வந்தது என்று சொன்னால் ரெஜினா சிரிப்பாள். அவளைப் பொறுத்தவரை இது அவள் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது.

பொத்தேரி ஜெர்மன் வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. நர்சிங் முடித்த அவள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகப் படித்தாள். மொழிபெயர்ப்பில் வாசித்த நாவல்களை மூலத்தில் வாசிக்க நான். "நீ அழுவறதுக்குப் படிக்கிற மானசா. நான் பொழைக்கறதுக்குப் படிக்கிறேன்" என்பாள்.

ஜெர்மனில் 'கும்மர்' என்றால் துயரம். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு அதற்கு இடிபாடு, பாரம் என்று பொருள். அதற்கும் முன்னால் போனால், ஆற்றை மறிக்கக் கொண்டுவந்து குவித்தது. (இதைத் தமிழின் 'குமுறல்' என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு ஒரு பத்தி எழுதினேன். உறவே இல்லாத சொற்களுக்குச் சம்பந்தம் பேசக் கூடாது என்று அடித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: கடல் அன்று சாம்பல் நிறத்தில்...

வேண்டாம். நான் வாசித்த நாவல்களில் எல்லாம் கடல் அப்படித்தான் இருக்கிறது. ரெஜினாவின் ஊரான புதுப்பட்டினத்தில் அன்று மண்டை பிளக்கும் வெயில்.

இரண்டாவது தொடக்கம்: ரெஜினாவின் அப்பா ஏசுபாதம் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார். ரெஜினாவின் அம்மா மேரி ஆன்ட்டி இறந்த மறு வருடம்தான் அது கைகூடியது. பேஸ்மட்டச் சுவர் எழும்பிவிட்டது. உள்ளே நிரப்பினால்தான் தளம் போட முடியும். நிரப்ப ரப்பீஸ்* வாசலிலேயே இருக்கிறது. ஏசுபாதம் தொட விடவில்லை. தகரக் கொட்டகையில் படுத்துக் காவல் காக்கிறார். அடுத்த வாரம் ரெஜினாவுக்கு விமானம். அப்பாவைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்கிறாள்.

* இடித்த வீட்டின் செங்கல், காரை, ஓடு. எங்கள் பக்கம் இது குப்பை இல்லை. பள்ளமான மனை வாங்கியவர்கள் 'இங்கே ரப்பீஸ் கொட்டவும்' என்று பலகை வைத்துக் காத்திருப்பார்கள்.

3

ஏசுபாதம் சரியாக அமையவில்லை. 'மௌனமே உருவானவர்' என்று எழுதியிருந்தேன்.

"யாரு, எங்கப்பாவா? டீக்கடைல போயி கேளு" என்றாள் ரெஜினா.

ஆகவே, நடந்ததை அப்படியே தருகிறேன். திருவிடந்தையில் மனை வாங்கிய ஒருவர், குவியலைக் கேட்டு டிராக்டர் அனுப்பியிருந்தார். கொத்தனார் ரஞ்சித்குமார் பொறுமை இழந்திருந்தார்.

"நைனா, ஒண்ணு இத்த உள்ள தள்ளு. இல்ல டிராக்டர்ல ஏத்து, நான் மண்ணு கொட்டிக்கிறேன்."

"அதுல பாம்பு கீது."

"நேத்து தேளுன்ன."

"ரெண்டும் கீது. ஒத்துமையா கீதுங்க."

"எப்பா, அம்மா சமையக்கட்டு அதுல கீதுன்னு தானே பாக்குற?" என்றாள் ரெஜினா.

அவர் கரி பிடித்த நீலக் காரைத் துண்டு ஒன்றைப் புரட்டி வைத்தார். சும்மா இருக்க முடியாமல் நான் அகராதியை அவிழ்த்தேன். ஜெர்மன்காரர்கள் துயரத்துக்குச் சொல்லும் வார்த்தைக்கு முன்பு ரப்பீஸ் என்றுதான் அர்த்தம், அங்கிள் என்றேன்.

கையில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்தார். "அப்போ அந்த ஊர்க்காரன் அத்த எங்க கொட்டுவான்?"

அகராதியில் அது இல்லை.

மகள் பக்கம் திரும்பினார். "நீ போறல்ல, கேட்டுச் சொல்லு."

அவள் போவதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. ரெஜினா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டினாள்.

4

முடிவு (அ): குவியல் டிராக்டரில் போகிறது. யாரோ ஒருவர் வீட்டுக்கு அடியில் மேரி ஆன்ட்டியின் சமையலறை. வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர், பொருத்தம்தான்.

முடிவு (ஆ): சொந்த வீட்டுத் தளத்துக்கு அடியிலேயே போகிறது. பக்கத்தில் இருக்கும். ஆனால் தினமும் மிதிக்க வேண்டும்.

இரண்டையும் ரெஜினாவிடம் வாசித்துக் காட்டினேன். "நீ முடிவு பண்ணாத. அது எங்கப்பா ரப்பீஸ்" என்றாள்.

சரி. ஏசுபாதம் துண்டைச் சும்மாடாகச் சுற்றினார். இரும்புச் சட்டியில் முதலில் நீலக் காரையைப் போட்டார், மேலே செங்கல். ரஞ்சித்குமார் சட்டியை அவர் தலைக்குத் தூக்கிவிட்டார். இடப்பக்கம் டிராக்டர். வலப்பக்கம் பேஸ்மட்டம். ரெஜினா இரண்டையும் பார்க்கவில்லை. அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் ஒரு காலை எடுத்து

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். பாரம் அவர் தலையில் இருக்கிறது.